மசாஜ் கேண்டில் வாங்கலாமா? உபயோகிச்சவங்க சொல்லுங்களேன்

அரைத்தூக்கம்:
ஹாய் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப நாளா எல்லா இழையையும் படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா நானே ஒண்ணு ஆரம்பிக்கறேன். வீட்டுக்காரருக்கு நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடியே வேலை, சாயங்காலம் ஆனா கழுத்தும் தோள்பட்டையும் கல்லு மாதிரி இறுகிப் போயிடுது, படுக்கப் போறதுக்கு முன்னாடி நான்தான் கொஞ்ச நேரம் எண்ணெய் தொட்டுப் பிடிச்சு விடுவேன். எண்ணெய் பாட்டில்லேர்ந்து நேரா முதுகுல ஊத்தினா சில்லுனு பட்டு மனுஷன் துள்ளிடறார், தளர்ந்திருந்த தோளும் மறுபடி இறுகிக்குது.

இப்ப மசாஜ் கேண்டில்னு ஒண்ணு பாத்தேன். ஏத்தி வெச்சா உருகி வாசனை எண்ணெய் ஆகுமாம், அணைச்சுட்டு அப்படியே உடம்புல ஊத்தித் தேய்க்கலாமாம். கல்யாண நாள் வருது, வாங்கலாமான்னு யோசனை. ஆனா மெழுகை உருக்கி உடம்புல ஊத்தறதுன்னா மனசு கொஞ்சம் பயப்படுது. விலையும் ஒரு எண்ணெய் பாட்டிலோட பாத்தா ரொம்ப ஜாஸ்தி. உபயோகிச்சவங்க உண்மையச் சொல்லுங்க, வாங்கறதுல பிரயோஜனம் இருக்கா?

மொட்டைமாடி:
சிஸ், பயம் நியாயமானதுதான், நான் சுட்டுக்கிட்டவன். ஒரு தடவை மசாஜ் கேண்டில் கைவசம் இல்லைன்னு அலமாரியில இருந்த சாதாரண வாசனை மெழுகுவர்த்திய ஏத்தி உருகினதும் மனைவி என் முதுகுல ஊத்தினாங்க, ரெண்டும் ஒண்ணுதான், பேரு மட்டும்தான் வேறன்னு நாங்க நெனச்சுட்டோம். ஊத்தின இடத்துல உள்ளங்கை அகலத்துக்குச் செவந்து போச்சு, மெழுகு வேற உடனே இறுகித் தோலோட ஒட்டிக்கிச்சு, உரிச்சு எடுக்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துருச்சு. குழாய்த் தண்ணிய இருபது நிமிஷம் விட்டுக்கிட்டே இருந்தோம், கொப்புளம் வரல, தப்பிச்சேன். எதை வாங்கினாலும் "தோலில் தடவலாம்"னு அட்டையில எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. எழுதலைன்னா தொடாதீங்க.

தாழ்வாரம்:
நான் மூணு வருஷமா வாங்கிட்டிருக்கேன், கண்டிப்பா வாங்கலாம்னுதான் சொல்வேன். எண்ணெய் பாட்டில்ல கெடைக்காத ஒண்ணு இதுல இருக்கு. விளக்க அணைச்சுட்டு இத ஏத்தி வெச்சா உருகறதுக்கு எப்படியும் கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல ரூம்ல வாசனை மெதுவா பரவும், வெளிச்சம் அசையும், எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு நடந்தத பேசற நேரமே அதுதான். தேய்க்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாதி களைப்பு போயிடும். அப்புறம் அணைச்சுட்டு மூக்கு வெச்ச ஜாடியிலேர்ந்து மெல்லிசா நூல் மாதிரி வழிய விட்டா, அந்த வெதுவெதுப்பு தோள்ல பரவறது இருக்கே, அத சொல்லிப் புரிய வைக்க முடியாது!

நிதானம்:
அரைத்தூக்கம், நீங்க பாத்த கேண்டிலோட பொருட்பட்டியல் இருந்தா இங்க போடுங்களேன். அதப் பாக்காம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

திரியும்தீயும்:
நான் வீட்டுல மெழுகுவர்த்தி ஊத்தறவ, பொழுதுபோக்காதான், ஆனா தெர்மாமீட்டரும் தராசும் இல்லாம ஒரு நாளும் ஊத்தினதில்ல. மொட்டைமாடி தம்பிக்கு ஏன் சுட்டுச்சுன்னு சொல்றேன், அதுலயே பாதி பதில் வந்துரும்.

சாதாரண மெழுகுவர்த்தியில பெரும்பாலும் பாரஃபின், அது உருக 50, 60 டிகிரி வேணும். தேன்மெழுகு இன்னும் மோசம், 62 தாண்டினாதான் உருகும். மசாஜ் கேண்டில்ல போடறது ஷியா பட்டர், கோகோ பட்டர், தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், அதெல்லாம் சேர்ந்து கெட்டியா நிக்கறதுக்குக் கொஞ்சம் மென்மையான சோயா வேக்ஸ். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலயே உருகிடும், கோகோ பட்டர் 34லேர்ந்து 38க்குள்ள, கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூடு. அதனாலதான் மொத்தக் கலவையும் 40 சொச்சத்துல திரவமாயிடுது, தோல்ல பட்டதும் பாரஃபின் மாதிரி ஓடு கட்டாம எண்ணெய்ப் பசையா நிக்குது.

இப்ப முக்கியமான விஷயம், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. உருகுநிலை 40ன்னு எழுதியிருந்தா ஊத்தறப்பவும் 40தான் இருக்கும்னு அர்த்தம் இல்ல! ஐஸ் 0 டிகிரியில உருகுது, அதுக்காக எல்லாத் தண்ணியும் 0 டிகிரியா இருக்கு? அடியில இன்னும் உருகாத மெழுகு கெட்டியா இருக்கற வரைக்கும் அது சூட்ட இழுத்துக்கும், ஆனா ரெண்டு மூணு மணி நேரம் எரிய விட்டு ஜாடி முழுக்க உருகிடுச்சுன்னா அப்புறம் வர்ற சூடெல்லாம் எண்ணெய்ல ஏறும். திரி ஓரத்துல எப்பவுமே மத்த இடத்த விட அதிகம். அதனால கால் மணி நேரத்துலேர்ந்து அரை மணி நேரத்துக்குள்ள அணைச்சிடணும், அதுக்கு மேல வேண்டாம்.

1947லயே ஹென்ரிக்ஸ், மோரிட்ஸ்னு ரெண்டு பேர் எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டா தோல் வேகும்னு சோதிச்சு எழுதி வெச்சிருக்காங்க. 44 டிகிரியில மணிக்கணக்கா, சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். 50ல நிமிஷக் கணக்கு. 60க்குப் போனா அஞ்சு செகண்டுலயே ஆழமா வெந்துரும். 44க்கும் 60க்கும் நடுவுல வெறும் பதினாறு டிகிரிதான் பாருங்க, நேரம் எப்படி சுருங்குது! எண்ணெய் தண்ணி மாதிரி ஓடி வடியாது, பட்ட இடத்துலயே நிக்கும், அதையும் சேர்த்துக்கோங்க.

நான் பண்றது இதுதான். அணைச்சதும் ஊத்த மாட்டேன், ரெண்டு மூணு நிமிஷம் விடுவேன். உத்துப் பாத்தா ஓரத்துல, ஜாடிச் சுவர ஒட்டி, பால் ஏடு மாதிரி மெல்லிசா ஒரு வெள்ளைப் படலம் கட்ட ஆரம்பிக்கும், கண்ணாடி மாதிரி இருந்த எண்ணெய் அங்க மட்டும் மங்கும். அது தெரிஞ்சா ஓரம் உருகுநிலைக்கு எறங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்பவும் ஜாடிய லேசா ஆட்டிக் கலந்துட்டு முதல்ல என் மணிக்கட்டு உள்பக்கம் ரெண்டு சொட்டு, அப்புறம் என் உள்ளங்கையில ஊத்தி, கையிலேர்ந்துதான் அடுத்தவங்க முதுகுக்கு. நேரா உயரத்துலேர்ந்து முதுகுல ஊத்தறது படத்துல பாக்க அழகா இருக்கும், ஊத்தறவங்களுக்கு எவ்வளவு சூடுன்னு தெரியாது, அதான் பிரச்சனை.

எரிஞ்சுட்டிருக்கறப்பவே சாய்ச்சு ஊத்தறது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். தப்பித் தவறி ஜாடிக்குள்ள எண்ணெய் மொத்தமா தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, மூடியப் போட்டு மூடுங்க. மூடி இல்லாத கேண்டில வாங்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அரைத்தூக்கம்:
அக்கா இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நிதானம் கேட்ட பட்டியல் இதோ, நான் ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணுல சோயா எண்ணெய், ஷியா பட்டர், தேங்காய் எண்ணெய், வைட்டமின் ஈ, பர்ஃபியூம், லினலூல், லிமோனின், குமாரின்னு வரிசையா இருக்கு. இன்னொண்ணுல "இயற்கை மெழுகு, சுத்தமான நறுமண எண்ணெய்கள்"னு மட்டும் இருக்கு, வேற ஒண்ணுமே இல்ல. இயற்கைன்னு போட்டிருக்கறதால ரெண்டாவதுதான் நல்லதுன்னு தோணுச்சு.

நிதானம்:
ரெண்டாவத மறந்துடுங்க. எனக்கு வாசனைப் பொருள் அலர்ஜி இருக்கு, அஞ்சாறு வருஷமா ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படிச்சு வாழறவ நான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

முதல் பட்டியல்ல லினலூல், லிமோனின்னு வாயில நுழையாத பேரெல்லாம் இருக்கறதால அது கெமிக்கல், இது இயற்கைன்னு நெனைக்காதீங்க. லினலூல் லாவெண்டர் எண்ணெய்ல தானாவே இருக்கறது. லிமோனின் ஆரஞ்சுத் தோல்லயே இருக்கு. அந்தப் பேர எழுதியிருக்காங்கன்னா அவங்க ஒழுங்கானவங்கன்னு அர்த்தம். ஐரோப்பிய யூனியன்ல தோல்ல தங்கற பொருள்ல இந்த மாதிரி அலர்ஜி தரக்கூடிய வாசனைப் பொருள் 0.001 சதவீதத்துக்கு மேல இருந்தாலே பேர் சொல்லி எழுதணும்னு சட்டம் இருக்கு. முன்ன 26 பேர் பட்டியல்ல இருந்தது, 2023ல கொண்டு வந்த திருத்தத்துல 80க்கு மேல ஆயிடுச்சு. "சுத்தமான நறுமண எண்ணெய்கள்"னு மட்டும் எழுதினா உள்ள பட்டை எண்ணெய் இருக்கா கிராம்பு எண்ணெய் இருக்கான்னே தெரியாது, ரெண்டுமே தோல்ல சுருக்குனு எரியக்கூடியது, பட்டை எண்ணெய் அலர்ஜிக்குப் பேர் போனது.

எனக்கு நடந்தது இதுதான். பரிசா ஒரு கேண்டில் வந்தது, லாவெண்டர், வாசனை அவ்வளவு அருமை. முதல் நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது தடவையும் ஒண்ணும் இல்ல. மூணாவது தடவை தேய்ச்சு ரெண்டு நாள் கழிச்சு முழங்கை மடிப்புலயும் கழுத்துலயும் பொரிப்பொரியா வந்து ராத்திரி பூரா அரிப்பு, தூக்கமே இல்ல. டாக்டர் சொன்னப்பதான் புரிஞ்சது, இந்த வகை அலர்ஜி உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் தலை காட்டும், முதல் தடவை ஒத்துக்கிட்டது பிற்பாடு ஒத்துக்காமப் போகலாம். லினலூலும் லிமோனினும் புதுசா இருக்கறப்ப அவ்வளவு தொந்தரவு இல்ல, காத்து பட்டுப் பட்டு ஆக்சிஜனோட சேர்ந்தாதான் அலர்ஜி தர்றதா மாறுது. ஏத்தி அணைச்சு, ஏத்தி அணைச்சு, மூடாம மாசக்கணக்கா வெச்சிருக்கற கேண்டில்ல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால வாங்கினதும் உருக்கி ஆறின கொஞ்சத்த முழங்கை உள்பக்கம் சின்ன வட்டமா தடவுங்க, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஒரு வாரம். ஒரு நாள் தடவிப் பாத்துட்டு ஓகேன்னு முடிவு பண்ணாதீங்க. கல்யாண நாளுக்கு முந்தின நாள் வாங்காம இப்பவே வாங்குங்க.

திரியும்தீயும்:
நிதானம் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. நான் சாதாரண வாசனை மெழுகுவர்த்திக்கு நூத்துக்கு 6லேர்ந்து 10 வரைக்கும் வாசனை எண்ணெய் கலப்பேன், அது ரூமுக்கு. தோல்ல போடறதுக்கு 1, ரொம்பப் போனா 2, அதுக்கு மேல நான் போனதில்ல. வாசனைத் தொழில்காரங்களோட சர்வதேசச் சங்கம் இஃப்ரான்னு இருக்கு, அவங்க விதிப்படி வெறுமனே எரிக்கற மெழுகுவர்த்தி 12ஆம் வகை, தோல்ல படாததுன்னு அதுல பெரும்பாலும் உச்சவரம்பே கெடையாது. கையால உடம்புல தேய்க்கறது 5ஏ வகை, அதுல ஒவ்வொரு பொருளுக்கும் அளவு வெச்சிருக்காங்க. அப்ப பாருங்க, ஒரே வாசனை எண்ணெய் ஒரு ஜாடியில சரி, இன்னொரு ஜாடியில தப்பு. மெழுகு மட்டும் மென்மையா இருந்தா போதும்னு சில பேர் ரூமுக்குப் போடற அளவு வாசனைய அப்படியே போட்டு மசாஜ் கேண்டில்னு விக்கறாங்க, எனக்குக் கோவம் வர்ற விஷயம் இது ஒண்ணுதான்.

கடையில மூடியத் திறந்து மோந்து பாக்கறப்பவே மூக்கத் தூக்கி அடிச்சா வாங்காதீங்க. நல்ல மசாஜ் கேண்டில் ஏத்தாம இருக்கறப்ப மெல்லிசாதான் மணக்கும். ரூம் நிறைய மணக்கலன்னு திட்டி விமர்சனம் எழுதறவங்களப் பாத்திருக்கேன், அந்தக் கேண்டில்தான் ஒழுங்கான கேண்டிலா இருக்கும்.

உள்ளங்கை:
நான் மசாஜ் தெரபிஸ்ட், இதுதான் என் தொழில், பதினோரு வருஷம் ஆச்சு. என் வேலையில நான் மசாஜ் கேண்டில் உபயோகிக்கறதில்ல, ஏன்னு சொல்றேன், உங்களுக்கு முடிவு எடுக்க உதவும்.

ஒண்ணு, வழுக்கல். மெழுகும் பட்டரும் கலந்தது ஆறும்போது பசையாகும், முதல் நாலஞ்சு நிமிஷம் கை நல்லா ஓடும், அப்புறம் இழுக்க ஆரம்பிக்கும், மறுபடி ஊத்தணும். பாதாம் எண்ணெய், ஜோஜோபா மாதிரி இருந்தா ஒரு தடவை தொட்டா முதுகு முழுக்கப் போயிட்டு வரலாம். கழுத்து, தோள்பட்டைல முடிச்சு விழுந்த மாதிரி இருக்கற இடத்த அழுத்திப் பிடிக்கணும்னா கொஞ்சம் பசை இருக்கறது நல்லதுதான், கை வழுக்கிட்டே போனா பிடி கெடைக்காது. அந்த வகையில கழுத்துக்கு மட்டும்னா கேண்டில் மோசமில்ல. முழு உடம்புக்குன்னா எண்ணெய்தான்.

ரெண்டு, சூடு ஒரே மாதிரி நிக்காது. மூணு, துணி, டவல், எண்ணெய் கை, நடுவுல நெருப்பு, அத நான் என் ரூம்ல விரும்பல.

சகோதரி கேட்டதுல உண்மையான பிரச்சனை எண்ணெய் சில்லுனு இருக்கறது. அதுக்கு வழி ரொம்ப சுலபம். எண்ணெய் பாட்டில மூடி போட்டு, கை பொறுக்கற சூட்டுல தண்ணி இருக்கற கிண்ணத்துல பத்து நிமிஷம் நிக்க வைங்க. அப்புறம் உங்க உள்ளங்கையில ஊத்தி ரெண்டு கையையும் சேர்த்துத் தேய்ச்சுட்டு மெதுவா தோள்ல வைங்க. தேய்க்க ஆரம்பிக்காம முதல்ல கைய அப்படியே வெச்சிருங்க, ரெண்டு மூச்சு வரைக்கும். துள்ள மாட்டார். தண்ணிச் சூடு கை பொறுக்கறது தாண்டாதுங்கறதால எண்ணெயும் தாண்டாது, கேண்டில்ல அந்த உத்தரவாதம் கெடையாது.

வாசனை வேணும்னா 30 மில்லி எண்ணெய்க்கு லாவெண்டர் எண்ணெய் 10, 12 சொட்டு, அது ரெண்டு சதவீதம் சுமாருக்கு வரும், அதுக்கு மேல வேண்டாம். நிதானம் மாதிரி அலர்ஜி உள்ளவங்களுக்கு அதுவும் வேண்டாம்.

தாழ்வாரம்:
உள்ளங்கை சார் சொல்றது தொழிலுக்குச் சரி, நான் ஒத்துக்கறேன். ஆனா வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் பண்றது தொழில் இல்லையே. அங்க முடிச்சு அவிழுதாங்கறது மட்டும் கணக்கு இல்ல. எங்க வீட்டுல கிண்ணத்துல தண்ணி வெச்சுப் பாத்தோம், சமையலறைக்கும் ரூமுக்கும் நடந்துட்டே இருப்பேன், நடுவுல ஃபோன் வரும், யாராவது கூப்பிடுவாங்க, அப்புறம் எண்ணெய் ஆறியே போயிடும். கேண்டில ஏத்திட்டா எரியற நெருப்ப விட்டுட்டு யாரும் எழுந்து போக முடியாது. அந்த இருபது நிமிஷம் உக்காந்தே ஆகணும். நான் காசு கொடுக்கறது அதுக்குத்தான்னு தோணும், அந்த விதத்துல எனக்கு அது மலிவுதான்.

உள்ளங்கை:
அது நல்ல காரணம். நான் மறுக்கல.

மொட்டைமாடி:
கணக்கு ஒண்ணு பாத்தேன் சிஸ், நூறு கிராம் கேண்டில்னு வெச்சுக்குவோம். கழுத்து தோள் முதுகுக்கு ஒரு தடவைக்கு ரெண்டு டீஸ்பூன், அதாவது பத்து கிராம் சுமாருக்குப் போகும். இருபது நிமிஷம் எரியறதுல ஒண்ணு ரெண்டு கிராம் எரிஞ்சே போயிடும். அடியில திரிய சுத்திக் கொஞ்சம் எடுக்க வராது. ஆக மொத்தம் எட்டு தடவை வந்தா பெரிசு. நூறு மில்லி எண்ணெய் பாட்டிலும் பத்து தடவைக்குத்தான் வரும், ஆனா ரெண்டு விலையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தினமும் ராத்திரி பிடிச்சு விடறவங்களுக்குக் கேண்டில் கட்டுப்படியாகாது, எப்பவாவது ஒரு நாளைக்குன்னா சரி.

பூனைமடி:
வீட்டுல பூனை இருக்கறவங்க வாசனை எண்ணெய்ல கவனமா இருங்க ப்ளீஸ். பூனையோட கல்லீரலால இந்த மாதிரி பொருள் சிலத நம்மள மாதிரி உடைச்சு வெளியேத்த முடியாது, டீ ட்ரீ எண்ணெய் அதுக்கு விஷம். உங்க கையில, முழங்கால்ல தேய்ச்சத நக்கிடும், மேல வந்து படுத்துட்டு அப்புறம் தன் உடம்ப நக்கும். என் மடியிலயே தூங்கறது ஒண்ணு இருக்கறதால நான் வாசனை இல்லாததுதான் வாங்கறேன், தேய்ச்சுட்டு அரை மணி நேரம் ரூம் கதவ சாத்திடுவேன், வெளிய நின்னு கத்தும், பரவாயில்ல.

அப்புறம் டவல். யாரும் சொல்லல, அதனால சொல்றேன். எண்ணெய் ஊறின டவல்கள உலர்த்தும் மெஷின்ல போட்டுச் சூடா எடுத்து அப்படியே குவிச்சு வைக்கறது ஆபத்து. பாதாம், சோயா மாதிரி எண்ணெய்ங்க காத்தோட சேர்றப்பவே கொஞ்சம் கொஞ்சமா சூடு உண்டாக்கும், குவியலுக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறி ஏறி தானாவே தீப்பிடிக்கும், மசாஜ் நிலையங்கள்ல அப்படி தீ விபத்து நடந்திருக்கு. முதல்ல பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு எண்ணெய எடுத்துட்டு, சுடுதண்ணியில துவைச்சு, கொடியில காயப் போடுங்க.

திரியும்தீயும்:
பூனைமடி சொன்னது ரொம்ப சரி, நான் அத மறந்தே போனேன்.

இன்னொண்ணு, தம்பதிகளுக்கு, வெட்கப்படாம சொல்லிடறேன், ஏன்னா டப்பாவுல சின்ன எழுத்துல கூட பல பேர் போடறதில்ல. இது முழுக்க எண்ணெய். லேடெக்ஸ் ஆணுறையோட எண்ணெய் சேரவே கூடாது. ஆய்வகத்துல மினரல் ஆயில் ஒரே ஒரு நிமிஷம் பட்டதுக்கே லேடெக்ஸோட பலம் சுமார் 90 சதவீதம் கொறஞ்சு போனதா 1989லயே எழுதியிருக்காங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கிழியறப்பதான் தெரியும். கருத்தடைக்கு அத நம்பி இருக்கறவங்க அன்னைக்குக் கேண்டில தொடாம இருக்கலாம், இல்லைன்னா பாலியூரிதேன்ல செஞ்சத வாங்கலாம், அது எண்ணெய் பட்டாலும் தாங்கும். கைய மட்டும் கழுவிட்டா போதும்னு இல்ல, தோல்ல எல்லாம் இருக்கும். பிறப்புறுப்புப் பக்கமும் இத கொண்டு போகாதீங்க, வாசனை கலந்தது அங்க எரியும்.

முகத்துக்கும் வேண்டாம், பரு வர்ற தோல்னா தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் துவாரத்த அடைச்சுடும். கர்ப்பமா இருந்தா டாக்டர கேட்டுட்டு.

அரைத்தூக்கம்:
அம்மாடி, ஒரு மெழுகுவர்த்திக்குள்ள இவ்வளவு விஷயமா! பயமுறுத்தறீங்கன்னு நெனைக்கல, இதெல்லாம் தெரியாமத்தான் பட்டியலே இல்லாதத வாங்க இருந்தேன். அக்கா, வீட்டுலயே செஞ்சுக்கலாமா? நீங்க எப்படி செய்வீங்க?

திரியும்தீயும்:
என் அளவு: மென்மையான சோயா வேக்ஸ் ரெண்டு பங்கு, ஷியா பட்டர் ஒரு பங்கு, பாதாம் எண்ணெய் ஒரு பங்கு. சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கி, கொஞ்சம் ஆறினதும் நூறு கிராமுக்கு ஒரு கிராம் வாசனை எண்ணெய், கொஞ்சம் வைட்டமின் ஈ, அது எண்ணெய் சிக்கடிக்காம இருக்க. ஒரு சொட்டு தண்ணி உள்ள போகக் கூடாது. இவ்வளவுதான், ஆனா கஷ்டம் திரியிலதான்மா. தடிமனா போட்டா சூடு ஏறும், மெல்லிசா போட்டா எண்ணெய்ல மூழ்கி அணைஞ்சு போகும். ஜாடி அகலத்துக்குத் தகுந்த திரி கெடைக்க நான் ஆறு தடவை ஊத்தி ஊத்திப் பாத்தேன், ஒவ்வொண்ணையும் கால் மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் விட்டு எழுதி வெச்சேன். முதல் தடவையே செஞ்சு வீட்டுக்காரர் மேல ஊத்தாதீங்க. கல்யாண நாளுக்குள்ள ஆகாது. உங்க முதல் பட்டியல் கேண்டில்ல சின்ன சைஸ் இருந்தா அத வாங்குங்க, கூடவே வாசனை இல்லாத எண்ணெய் ஒரு பாட்டில். பத்து நாள்ல எது ஒத்துக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

திரிய ஒவ்வொரு தடவையும் 6 மில்லிமீட்டருக்கு வெட்டிட்டு ஏத்துங்க. நீளமா விட்டா கரி விழும், அந்தக் கறுப்புத் துகளோட எண்ணெய முதுகுல தேய்க்க வேண்டியிருக்கும்.

அரைத்தூக்கம்:
ஃப்ரெண்ட்ஸ், மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லாம இருந்தா மனசு கேக்காது. சின்ன சைஸ்தான் வாங்கினேன். நிதானம் சொன்ன மாதிரி ஒரு வாரம் முழங்கையில ரெண்டு பேருமே தடவிப் பாத்தோம், எனக்கு ஒண்ணும் இல்ல, அவருக்கும் இல்ல.

கல்யாண நாள் அன்னைக்கு ஏத்தினோம். அணைச்சதும் அந்த வெள்ளைப் படலத்துக்காக ரெண்டு பேரும் ஜாடிக்குள்ளயே குனிஞ்சு பாத்துட்டிருந்தோம், அக்கா சொன்ன மாதிரியே ஓரத்துலேர்ந்து மங்கிட்டு வந்தது. அவருக்குத் தெரியாம இடது தோளுக்குக் கேண்டில், வலது தோளுக்குக் கிண்ணத்துல சுட வெச்ச எண்ணெய். முடிச்சுட்டுக் கேட்டா சூட்டுல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலன்னார். துள்ளவும் இல்ல. ஆனா உள்ளங்கை சார் சொன்னது எனக்குத்தான் நல்லா தெரிஞ்சது, இடது பக்கம் கொஞ்ச நேரத்துல கை இழுக்க ஆரம்பிச்சுது, மூணு தடவை ஊத்த வேண்டியதாச்சு, அதே சமயம் கழுத்தடியில அந்த முடிச்ச பிடிக்கறப்ப இடது பக்கம்தான் பிடி நின்னது. வலது பக்கம் வழுக்கிட்டே போச்சு.

அதனால இப்ப தினசரி கிண்ணத்துத் தண்ணி எண்ணெய்தான், முதல்ல கைய வெச்சுட்டு ரெண்டு மூச்சு விடறதும் பழகிடுச்சு, இப்பெல்லாம் அதுக்கே தோள எறக்கிடறார். கேண்டில ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டும் ஏத்தறோம். தாழ்வாரம் சொன்னது அவரும் சொன்னார், உருகற வரைக்கும் பேசிட்டிருந்தது நல்லா இருந்ததுன்னு. போன வாரம் அணைச்சப்புறம் அவரு தூங்கியே போயிட்டார், நான் எழுப்பல, ஆறின மெழுகு வெண்ணெய் மாதிரி இறுகியிருந்தத விரலால வழிச்சு என் குதிகால் வெடிப்புல தேய்ச்சுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா வெடிப்பு அவ்வளவு மெதுவா இருந்தது, இப்ப அதுக்கும் அதுல பங்கு போயிட்டிருக்கு. தீர்ந்ததும் இன்னொண்ணு வாங்குவேன், ஆனா வாசனை இல்லாதது.

நிதானம்:
திறந்த தேதிய ஜாடி அடியில எழுதி வெச்சுட்டீங்களா? டப்பாவுல திறந்த மூடி படம் போட்டு உள்ள மாசக் கணக்கு இருக்கும் பாருங்க.

அரைத்தூக்கம்:
12ன்னு போட்டிருக்கு. இப்பவே எழுதி ஒட்டிட்டேன்.